காட்டின் கரையும் உள்ளும்

அன்புள்ள பெறாமகளுக்கு,

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "றோட்டு எவ்வளவு இடத்தைப் பிடிக்கப்போகுது சித்தப்பா? மிச்சக் காடு அப்படியேதானே இருக்கும்?" என்றாய். நீ கணக்கில் கெட்டிக்காரி. கணக்காகவே சொல்கிறேன்.

கொப்பியை எடு. பக்கத்துக்கு 4 கிலோமீற்றராக ஒரு சதுரக் காட்டை வரை. பரப்பு 16 சதுர கிலோமீற்றர். காட்டின் கரை, காட்டின் உள்ளைப் போல இராது. அங்கே வெயிலும் காற்றும் புகுந்து ஈரத்தைக் காயவைக்கும். நாயுண்ணிப் பற்றை மண்டும். வாகன இரைச்சல் கேட்கும், ஊர் நாய் வேட்டைக்கு வரும். இந்தப் பாதிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பது உயிருக்கு உயிர் மாறும். கணக்குக்கு அரைக் கிலோமீற்றர் என்று வைப்போம். நாலு பக்கமும் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 9 சதுர கிலோமீற்றர். அதுதான் உள்காடு.

இனி நடுவால் 10 மீற்றர் அகலத்தில் ஒரு வீதி கீறு. அது பிடித்த நிலம் வெறும் 10 ஏக்கர். ஆனால் வீதிக்கும் இரண்டு கரை உண்டு. திரும்ப அளந்து பார். துண்டுக்கு 3, இரண்டும் சேர்ந்தால் 6. 10 ஏக்கர் வீதி 700 ஏக்கருக்கு மேலான உள்காட்டைக் கரையாக்கிவிட்டது. ஒரு மரம்கூட விழாமல் அந்தக் காடு போய்விட்டது.

இப்போது வன்னியில், எங்கள் மாங்குளம் சந்தியில் நின்று பார். வடக்கு தெற்காக ஏ9 வீதி. கிழக்கே முல்லைத்தீவுக்கு ஒன்று, மேற்கே வெள்ளாங்குளத்துக்கு ஒன்று. ஏ9 ஓடும் திசையிலேயே தண்டவாளமும் காட்டை அறுத்துப் போகிறது. 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்ரெம்பரில்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த அந்தப் பக்கத்து விலங்குகளுக்கு ரயில் என்றால் என்னவென்றே தெரியாது.

2015இல் தென்மேற்கே மடு வீதிக் காடும் வடகிழக்கே சுண்டிக்குளமும் தேசியப் பூங்காக்களாயின. சுண்டிக்குளம் 1938 முதலே பறவைச் சரணாலயம். நல்ல காரியம்தான். ஆனால் யானைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. கோடையில் தண்ணீர் இருக்கும் குளத்தைத் தேடி அது நடக்கும், குறுக்கே எது கிடந்தாலும் கடக்கும். 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைக்குக் கிட்ட மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

யானையின் சாவு செய்தியாகும். இரவில் தார்ச்சூட்டுக்குப் படுக்கும் பாம்பும், முதல் மழைக்குக் குளம் நோக்கித் தத்தும் தவளையும் செய்தியாவதில்லை. பழைய வண்டில் பாதையில் இரு பக்கத்துப் பாலைகளும் மேலே கிளை கோத்திருந்தன, மந்தி நிலத்தில் கால் வைக்காமலே கடந்தது. பாதையை அகட்டியதும் அது இறங்கி ஓடுகிறது.

ஒற்றையடிப் பாதையையும் லேசாக எண்ணாதே. பாலைப்பழம் பறிக்கவும் தேன் எடுக்கவும் நாங்களே போட்ட தடங்கள் அவை. பாதை போட்ட அளவில் கிடக்காது, பெருத்துக்கொண்டே போகும். தேனெடுக்கப் போனவனின் தடத்தில் முதிரை அறுக்கிறவன் போவான். அவனுக்குப் பின்னால் உழவு இயந்திரம், அதற்குப் பின்னால் மணல் ஏற்ற டிப்பர். பாலை பழுக்கும் காலத்தில் அதே மரத்துக்குக் கரடியும் வரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

வீதியே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. 2006 ஓகஸ்டில் போரால் ஏ9 பூட்டப்பட்டபோது வன்னி பட்ட பாட்டை உன் அம்மாவிடம் கேள். வீதியின் அருமையை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இருக்கிற வீதியோடு சேர்த்து அகட்டலாம், புதிதாக நடுக்காட்டைக் கீறத் தேவையில்லை. மேலே கிளைகள் தொடுகிற இடங்களை விட்டுவைக்கலாம். மரம் ஏற்றிய தடங்களை மறித்துவிட்டால் காடே அவற்றை மூடும்.

கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு 2009இல் தடை வந்தது. தமிழ்நாட்டின் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுத் தடை உண்டு. வால்பாறையில் சோலைமந்திகள் கடக்க வீதிக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் ஒரு சட்டமும் இல்லாமலே வாகனங்கள் நிற்கின்றன, தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறோம். யானைமுகத்தானுக்கு நிற்கத் தெரிந்தவர்களுக்கு, யானை கடக்கும் இடத்தில் மெதுவாகப் போவதா கடினம்?

உனக்கு ஒரு வேலை. வன்னிப் படம் ஒன்றில் வீதி, தண்டவாளம், தெரிந்த காட்டுப்பாதை எல்லாவற்றையும் கீறு. ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் அரைக் கிலோமீற்றர் அளவுக்குச் சிவப்பு தீட்டு. சிவப்புப் படாத காடு எத்தனை துண்டு, அதில் பெரியது எது என்று எண்ணி எழுது. நீ கேட்ட அந்த "மிச்சக் காடு" அதுதான்.

அன்புடன்,
சித்தப்பா