லஷ்கர் என்றால் வேறு ஊரா?

கேள்வி: எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகத் திருமலகிரியில் இருக்கிறது. கொள்ளுத் தாத்தா மதராஸ் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கமிருந்து வந்தவர். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் அப்பா "லஷ்கர்" என்றுதான் சொல்வார். ஹைதராபாத் என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். என் கணவர் சென்னைக்காரர். "ஒரே மாநகராட்சி, ஒரே மெட்ரோ, ஒரே எஸ்.டி.டி. கோடு. இதில் எங்கே இரண்டு ஊர்?" என்கிறார். மகளுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும்போது பிறந்த இடம் ஹைதராபாத் என்று அவர் எழுதினார். பிறப்புச் சான்றிதழில் செகந்திராபாத் என்று இருக்கிறது. அன்று முழுக்க வீட்டில் வாக்குவாதம். இரண்டையும் ஒரே ஊராகக் கொள்ளலாமா ஐயா?

— வாசகி, செகந்திராபாத்

பதில்: உங்கள் கணவர் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே மாநகராட்சி என்றாரே, நீங்கள் குடியிருக்கும் திருமலகிரியின் பெரும்பகுதி மாநகராட்சியிலேயே இல்லை. அது செகந்திராபாத் கன்டோன்மென்ட் வாரியத்தின் கீழ் வருகிறது. வாரியம் மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. உங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தைவிட இது பெரிய விஷயம். பிறகு வருகிறேன்.

முதலில் அப்பாவின் பக்கம். அவர் வீம்புக்குப் பேசவில்லை. ஹைதராபாத் 1591-ல் முகம்மது குலி குதுப் ஷா மூசி ஆற்றங்கரையில் எழுப்பிய ஊர். செகந்திராபாத் பிறந்தது அதற்கு இரு நூற்றாண்டுக்கும் பிறகு. 1798-ல் நிஜாம் ஆங்கிலேயரோடு துணைப்படை ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி வந்த கம்பெனிப் படை ஹுசைன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரம் அடித்தது. 1806-ல் அந்தக் கூடார ஊருக்கு மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் வைக்கப்பட்டது. லஷ்கர் என்றால் படை; படை தங்கிய ஊருக்கும் அதுவே பேச்சுப் பெயர். ஏரிக்குத் தெற்கே நிஜாமின் சட்டம், அவருடைய ஹாலி சிக்கா நாணயம். வடக்கே ஆங்கிலேயரின் ஆட்சி. டாங்க் பண்ட் கரைமேல் நடந்தால் ஒரு ராஜ்ஜியத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். அப்பாவின் தாத்தா காலத்தில் அது வேறு ஊர்தான்.

அந்த ஊரைக் கட்டியதில் நம்மவர்களின் கை நிறையவே உண்டு. பட்டாளத்தின் பின்னால் ஒப்பந்தக்காரர்களாகவும் கணக்கர்களாகவும் முதலியார்கள் வந்தார்கள். 1862-ல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் மஹபூப் கல்லூரி ஆனது. சிகாகோவுக்குப் போவதற்கு முன், 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே உரையாற்றினார். பத்மாராவ் நகர் ஒரு முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கேயிருக்கும் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகையன்று நின்றால் காதில் விழுவதில் பாதி தமிழாக இருக்கும்.

ஆனால் பழைய எல்லைகளைக் காட்டி இன்றைய நகரத்தை இரண்டாக்க முடியாது. 1960-ல் இரு மாநகராட்சிகளும் இணைந்துவிட்டன. 2007-ல் சுற்றியிருந்த 12 நகராட்சிகளையும் 8 கிராமப் பஞ்சாயத்துகளையும் சேர்த்துப் பெருநகர மாநகராட்சி வந்தது. 2020 பிப்ரவரியிலிருந்து ஜூபிலி பஸ் நிலையத்தில் ஏறி மூசிக் கரையிலுள்ள மகாத்மா காந்தி பஸ் நிலையத்தில் இறங்க மெட்ரோவே இருக்கிறது. ஏரிக்கு மேற்கே இருக்கும் ஜூபிலி ஹில்ஸும் தெற்கே இருக்கும் நாம்பள்ளியும் செகந்திராபாத் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. உங்கள் செகந்திராபாத் கன்டோன்மென்ட் தொகுதியோ மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. பெயரும் எல்லையும் ஒன்றையொன்று விட்டு விலகி வெகுகாலம் ஆயிற்று. அதனால் கன்டோன்மென்டைத் தவிர்த்துப் பார்த்தால், குடிநீர், பஸ், சாக்கடை, வரி இவற்றுக்கெல்லாம் ஒரே ஊர்தான். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனாலும் ஆஷாட மாத அம்மன் திருவிழாவான போனாலுவைப் பாருங்கள். முதலில் கோல்கொண்டா. அடுத்தது லஷ்கர் போனாலு, உஜ்ஜயினி மகாகாளி கோயிலில். அதற்கும் பிறகுதான் பழைய நகரத்து லால் தர்வாஜா. மூன்றையும் ஒரே ஞாயிறன்று வைக்கலாமே என்று யாரும் கேட்டதில்லை. மகாகாளி கோயிலின் தலவரலாறே பட்டாளத்துக் கதை. சூரட்டி அப்பையா என்ற டோலி தூக்குபவர் 1813-ல் படையோடு உஜ்ஜயினிக்கு மாற்றலானார். இங்கே கொள்ளை நோய் பரவிய செய்தி கேட்டு அங்குள்ள மகாகாளியிடம் வேண்டிக்கொண்டார். 1815-ல் திரும்பி வந்து மரச்சிலை ஒன்றைப் பிரதிஷ்டை செய்தார் என்பார்கள். போனாலுக்கு மறுநாள் அங்கே ரங்கம். சுடாத மண் குடத்தின் மேல் ஒரு பெண் நின்று, மழை எப்படி, நோய் நொடி எப்படி என்று வரப்போகும் ஆண்டைப் பற்றிக் குறி சொல்வாள். கூட்டத்தில் நின்று நானும் கேட்டிருக்கிறேன். அவள் வாக்கு லஷ்கருக்கு மட்டும் உரியதல்ல, ஊர் முழுவதற்கும்தான். பழைய நகரத்திலிருந்து வந்தவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். தனிப்பெயரோடு இருந்துகொண்டே ஒரே ஊராக இருக்க முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்துத் திருநெல்வேலியும் அப்படித்தான். 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம் தாமிரபரணியின் இரு கரைகளையும் இணைத்தது. 1994-ல் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. அதற்காகப் பாளைக்காரர் யாரும் பாளை என்று சொல்வதை விட்டுவிடவில்லை. டெல்லியை 2012-ல் மூன்று மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள், 2022-ல் மறுபடி ஒன்றாக்கினார்கள். நிர்வாகத்தை இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பெயரை அப்படிச் செய்தால் மக்கள் தாங்கமாட்டார்கள்.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். இரு நகரங்களுக்கும் நடுவே என்று எல்லோரும் ஏரியைக் காட்டுகிறார்கள். வலிக்கிற கோடு அங்கே இல்லை. அது செகந்திராபாத்துக்குள்ளேயே ஓடுகிறது. 1945-ல் செகந்திராபாத்தின் கடைவீதிப் பகுதி நிஜாமிடம் திரும்பியது. கன்டோன்மென்ட் படையின் கையிலேயே தங்கியது. 15 ஆண்டில் கடைவீதி ஹைதராபாத்தோடு சேர்ந்துவிட்டது. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி கன்டோன்மென்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். வாரியத்துக்கு 2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம், நீட்டிப்பும் சேர்த்து, 2021-ல் முடிந்தது. 2023-ல் தேர்தல் அறிவித்து, அதையும் ரத்து செய்துவிட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் உங்கள் ஓட்டு வாங்கிய ஒருவரிடம் போய்ச் சொல்ல வழியில்லாமல் போனது. ஒரு பெருநகரத்தின் நடுவில் இது நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிக்கெட் நாலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்டோன்மென்ட் பக்கத்து மழைநீர் அதன் வழியே பேகம்பேட்டைத் தாண்டி ஹுசைன் சாகரில் விழுகிறது. மேலே வாரியம், கீழே மாநகராட்சி. மேலே தூர்வாரி, கீழே பாலத்தடியில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். ராணுவம் கன்டோன்மென்ட் சாலைகளை அடைத்தபோதும் இதே கதை. மல்காஜ்கிரிப் பக்கத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டு போனார்கள். 2018-ல் அமைச்சகம் திறக்கச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் விடிவு.

கன்டோன்மென்டின் குடிமக்கள் பகுதிகளைப் பிரித்து உள்ளாட்சியோடு சேர்ப்பது நடக்காத காரியம் இல்லை. 2023-ல் இமாச்சலத்தின் யோலில் செய்துகாட்டினார்கள். உங்களுக்கும் அதுவே வரவேண்டும் என்பது என் எண்ணம். அப்பாவுக்கு இது கசக்கலாம். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: வாரியத்தில் இருப்பதால் லஷ்கர் காப்பாற்றப்படவில்லை. மண்டலத்துக்கும் வார்டுக்கும் தபால் முகவரிக்கும் பழைய பெயரே இருக்கட்டும் என்று குடியிருப்போர் சங்கத்தின் மூலம் இப்போதே எழுதிக் கேட்டால் அது நிலைக்கும். இணைந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

கடைசியாக பாஸ்போர்ட். இதில் அப்பா சொல்வதே சரி. பிறப்புச் சான்றிதழில் என்ன ஊர் இருக்கிறதோ அதையே அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். விண்ணப்பம் இன்னும் சரிபார்ப்பில் இருந்தால், பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போகும் நாளில் அசல் சான்றிதழைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். புத்தகம் கைக்கு வந்துவிட்டிருந்தால் மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். செலவைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். நாளைக்குக் குழந்தை வெளிநாட்டில் படிக்கப் போகும்போது இரண்டு காகிதத்தில் இரண்டு ஊர் இருந்தால், இவை ஏரியின் இரு கரைகள் என்று அங்குள்ள அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.