திரைக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஈப்போ, சுங்கை சிப்புட் என்று சிதறிவிட்டோம். தோட்டக் கோயில் திருவிழா நிரலை இணையப் பக்கமாக வெளியிடுகிறேன். பெரியவர்களுக்காக அச்செடுத்தால் மெனுவும் வந்துவிடுகிறது, அட்டவணையும் பாதியில் அறுபடுகிறது. என்ன வழி?
– பேராக் வாசகர்

பதில்: தாளுக்கென்று தனி விதிகள் எழுதுங்கள். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில், 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2 தரத்திலேயே இதற்கு வழி உண்டு. உங்கள் ஸ்டைல் ஷீட்டின் கடைசியில் ‘மீடியா பிரிண்ட்’ பகுதியைச் சேருங்கள். அதில் மெனு, பொத்தான்கள், நகரும் படங்கள் எல்லாவற்றுக்கும் ‘டிஸ்பிளே நன்’ கொடுத்தால் அவை தாளில் வராது. எழுத்து கறுப்பாகவும் பின்னணி வெள்ளையாகவும் இருக்கட்டும், மையும் மிச்சம்.

முதியவர்கள் படிப்பதால் எழுத்தளவு 14 புள்ளி வையுங்கள். தமிழ் எழுத்துகளின் மேல்சுழியும் கீழ்க்காலும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வரி இடைவெளி 1.5 வேண்டும். ‘பேஜ்’ விதியில் ஏ4 தாளும் 2 செ.மீ. ஓரமும் குறியுங்கள். அட்டவணை வரிசைகளுக்கு ‘பிரேக் இன்சைட் அவாய்ட்’ கொடுத்தால், ஒரு நாள் பூசை விவரம் இரண்டு பக்கங்களில் பிளவுபடாது. தாளில் இணைப்பைச் சொடுக்க முடியாது. ஆகவே அதன் இணைய முகவரியை முழுதாக அச்சிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அச்சு முன்னோட்டத்தைப் பாருங்கள். கைப்பேசி இல்லாதவருக்கும் அதே செய்தி முழுமையாகச் சேர வேண்டும். அதற்காக ஒரு மாலை உழைப்பது தகும்.