பழைய தொட்டியும் புதுப் பசையும்

விலங்கியல் படிக்கும் எனக்கு மீன் வளர்க்க ஆசை; கையில் காசோ பழைய தொட்டிக்குத்தான் கட்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் நீர் கொள்ளும். எடையும் 56 கிலோ. நள்ளிரவில் உடைந்தால், தரையில் பாய் விரித்துறங்கும் எங்கள் வீட்டில் புத்தகங்களும் மிஞ்சா. ஆகவே அடிக்கண்ணாடியில் மயிரிழை விரிசல் கண்டாலும் வாங்கலாகாது. மேற்கீறல் பாதகமில்லை.

மூலைக் கசிவு மட்டுமெனில் சீராக்கலாம். கசியுமிடத்தில் பூசினால் போதுமென்பர், போதாது. உலர்ந்த பழைய சிலிகோன் பசைமீது புதியது சரியாகப் பற்றாது. உட்புறப் பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பூஞ்சைக்கொல்லி கலவாத பசையை இட்டேன். அதன் காடி நெடி நம் வேதியியற்கூடத்து அசிட்டிக் அமிலமேதான்! அது அடங்க ஒரு வாரம் விட்டேன். பிறகு நீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, இரு நாள் பார்த்தேன். தாள் நனையவில்லை, மூன்றாம் நாள் நீரை மாற்றி, கப்பி மீன்களை விட்டேன்.