புரதம் தொடங்கும் இடம்: ஆர்க்கியா காட்டும் உறவு

மாணவர்களே, 'மரம்பழம்நிழல்' என்பதை மும்மூன்று எழுத்தாகப் பிரித்துப் படியுங்கள். மூன்று சொற்கள் கிடைக்கும். இப்போது ஓர் எழுத்துத் தள்ளி, 'ர'விலிருந்து தொடங்குங்கள். 'ரம்ப', 'ழம்நி' எனப் பொருளற்ற ஒலிகளே மிஞ்சும்.

உயிரணுவுக்கும் இதே சிக்கல் உண்டு. புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோம், தூது ஆர்என்ஏவின் எழுத்துகளை மும்மூன்றாகவே படிக்கிறது. தொடக்கக் குறி பெரும்பாலும் 'ஏயுஜி'. அது மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஆனால், 'ஏயுஜி' நடுவிலும் வருமே! எது தொடக்கம் என்பது ரைபோசோமுக்கு எப்படித் தெரியும்?

பாக்டீரியாவில், தொடக்கக் குறிக்குச் சற்று முன்னால் 'ஷைன்-டால்கார்னோ வரிசை' என்ற அடையாளம் பெரும்பாலும் இருக்கும். ரைபோசோமின் சிறிய பகுதி அதனுடன் இணைந்து சரியான இடத்தில் அமரும். நம் உயிரணுக்களிலோ, சிறிய பகுதி தூது ஆர்என்ஏவின் முன்முனையில் சேர்ந்து, 'ஏயுஜி'யைத் தேடியபடி நகரும்.

ஆர்க்கியா எப்படி? இவை உட்கரு இல்லாத ஓரணு உயிர்கள். 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, இவை தனிக் குழு என்று காட்டினர். அதுவரை இவை பாக்டீரியாவாகவே கருதப்பட்டன. இவற்றின் சில தூது ஆர்என்ஏக்களில் ஷைன்-டால்கார்னோ வரிசை உண்டு. வேறு பலவற்றில் தொடக்கக் குறிக்கு முன்னால் எழுத்தே இராது. இருந்தாலும் மிகச் சிலவே. சாக்கடலில் கண்டறியப்பட்ட 'ஹாலோஃபெராக்ஸ் வோல்கானி'யில் பெரும்பாலானவை இத்தகையவை.

முதல் மெத்தியோனினைக் கவனித்தால் உண்மை உறவு புலப்படும். அதைச் சுமக்கும் கடத்து ஆர்என்ஏவை, ஆர்க்கியாவில் 'ஏஐஎஃப்2' என்ற புரதம் ரைபோசோமிடம் சேர்க்கிறது. இதற்கு மூன்று துணைப்பகுதிகள். நம் உயிரணுக்களில் இதே வேலையைச் செய்யும் 'இஐஎஃப்2'வுக்கும் மூன்று துணைப்பகுதிகள்தாம்; இரண்டும் நெருங்கிய உறவுடையவை.

இன்னொரு சான்றும் உண்டு. பாக்டீரியா தன் முதல் மெத்தியோனினில் ஃபார்மைல் என்ற சிறு தொகுதியை ஒட்டுகிறது. ஆர்க்கியா ஒட்டுவதில்லை, நம் உயிரணுவின் சைட்டோபிளாசத்திலும் ஒட்டுவதில்லை. ஆகவே, ஃபார்மைல் உள்ள புரதத் துண்டுகளை உணரும் நம் வெள்ளையணுக்கள், பாக்டீரியா இருக்கும் இடத்தை நோக்கி விரைகின்றன.

பார்வைக்குப் பாக்டீரியாவைப் போல இருந்தாலும், புரதத்தைத் தொடங்கும் முறையில் ஆர்க்கியா நமக்கு நெருக்கமானது. தோற்றத்தை மட்டும் பார்த்து உறவை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

சிந்தித்துப் பாருங்கள்: நம் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா மட்டும் ஃபார்மைல் ஒட்டிய மெத்தியோனினுடன் புரதத்தைத் தொடங்குகிறது. அதன் மூதாதை யாராக இருந்திருக்கும்?