புள்ளியிடாத சித்திரங்கள்: கலைச் சிகிச்சை பற்றி ஓர் அறிமுகம்



சித்திர ஆசிரியைக்கு உளவியலில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் உளவியலாளர் அல்ல. என் சிவப்புப் பேனை செய்த ஒரு தவறினால் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கியவள். ஆகவே அந்தத் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னர், வேறொரு பாடசாலையில் தரம் 9க்குச் சித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'எங்கள் வீட்டில் ஒரு நாள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். சாதாரண தரப் பரீட்சையை மனதில் வைத்து, மனித உருவங்கள் இருக்க வேண்டும், தாள் நிறைய வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். பெருநாள் காலை, உம்மும்மா பாய் பின்னுவது, கிணற்றடி என்று பிள்ளைகள் வரைந்து தந்தார்கள். ஒருத்தி மாத்திரம் செருப்புகளை வரைந்திருந்தாள். தாள் முழுக்க ஆண்களின் செருப்புகள். வாசற்படியிலிருந்து வேலி வரை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. படியின் ஓரத்தில் ஒரு சோடி மட்டும் தனியாக, நேராக இருந்தது. வீடும் இல்லை, ஆளும் இல்லை. நான் 35 புள்ளி போட்டு, "தலைப்புக்குப் பொருந்தவில்லை. உருவங்கள் எங்கே?" என்று ஓரத்தில் எழுதிவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய உம்மா வந்தார். கொப்பியைப் புரட்டிக்கொண்டு போனவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது இவட வாப்பா மௌத்தான நாள், டீச்சர். வீடு நிறைய சனம்" என்றார். பிறகு ஓரத்துச் சோடியில் விரலை வைத்தார். "இது அவர்ர. எடுத்து வைக்க ஒருத்தருக்கும் மனசு வரல்ல."

மௌத்து நடந்து ஆறு மாதமாகியும் மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவர் கவலைப்பட்டார். உண்மையில் அவள் பேசியிருந்தாள். என்னிடம்தான் பேசியிருந்தாள். அதற்குத்தான் நான் 35 புள்ளி போட்டிருந்தேன்.

கலைச் சிகிச்சை என்பது, சொல்லில் வராத ஒன்றைச் சித்திரமாகவோ களிமண்ணாகவோ வெளியே கொண்டுவர, பயிற்சி பெற்ற ஒருவர் துணை நிற்பது. இந்தப் பெயரை 1942இல் முதலில் பயன்படுத்தியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். 1938இல் காசநோய் வந்து சசெக்ஸ் பிரதேசத்தின் மிட்ஹர்ஸ்ட் ஊரில் உள்ள ஆரோக்கிய நிலையத்தில் அவர் படுத்திருந்தார். காசநோய்க்கு இன்றுள்ள மருந்துகள் அன்று இல்லை. மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பதே வைத்தியம். ஹில் கைக்கெட்டிய பொருள்களைப் பென்சிலால் வரைந்து அந்த நாட்களைக் கடந்தார். பின்னர் அங்கிருந்த மற்ற நோயாளர்களுக்கும், போரில் காயமடைந்து வந்த சிப்பாய்களுக்கும் வரையக் கற்றுக்கொடுத்தார். தம் அனுபவத்தை 1945இல் நூலாகவும் வெளியிட்டார்.

அதே 1942ஆம் ஆண்டின் டிசம்பரில், ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற யூதப் பெண் ஓவியரை நாஸிகள் தெரெசின் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். ஜேர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைக்கூடத்தில் பயின்றவர் அவர். முகாமில் பெற்றோரைப் பிரிந்திருந்த சிறுவர்களுக்கு அவர் சித்திரம் கற்பித்தார். கடதாசிக்குப் பஞ்சம், பழைய படிவங்களின் பின்புறத்திலும் வரைந்தார்கள். முகாமில் இலக்கங்களாக நடத்தப்பட்ட பிள்ளைகளிடம், அவரவர் சித்திரத்தில் அவரவர் பெயரை எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டார். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். போகுமுன் ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டன. அவை இன்று பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயிர் தப்பவில்லை. ஃப்ரீடலிடம் முன்னர் படித்த ஈடித் கிராமர்தான் பின்னாளில் அமெரிக்காவில் இத்துறையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவரானார்.

நோயாளியின் மனத்தை அழகினால் ஆற்றுவது முஸ்லிம் உலகுக்கும் புதிதல்ல. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் அமைத்த வைத்தியசாலை 1488இல் நிறைவடைந்தது. அங்கே உளநோயாளர்களுக்கு நீரூற்றின் ஓசை, மலர்களின் வாசனை, இசை என்பவற்றைக் கொண்டு வைத்தியம் செய்தார்கள். வாரத்தில் மூன்று நாட்கள் இசைஞர்கள் வந்து வாசித்ததாக, 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். மட்டக்களப்பில் 1996இல் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தொடங்கப்பட்டது. போல் ஹோகன் என்ற கனேடிய ஓவியரும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதன் பின்னால் நின்றார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அடுத்தடுத்த ஊர்களில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்த காலம். அவர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், செடி கொடிகளோடு வேலை. எதிரெதிர்ப் பக்கங்களில் துயரம் கண்ட பிள்ளைகள் ஒரே வாளிக் களிமண்ணில் கை வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, நம் பாடசாலை ஒன்றுகூடல்களில் ஒற்றுமை பற்றி நாம் நடத்தும் பேச்சுகள் எனக்குச் சற்று வெட்கமாக இருக்கும்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? அதிர்ச்சியான நிகழ்வு பல சமயம் மனதில் ஒழுங்கான வசனமாகத் தங்குவதில்லை என்று இத்துறையில் பலர் கருதுகிறார்கள். படமாக, வாசனையாக, சத்தமாகத் துண்டு துண்டாகத் தங்கக்கூடும். "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால் பிள்ளை ஊமையாவது அதனாலும் இருக்கலாம். அந்தத் துண்டில் ஒன்று தாளுக்கு வந்துவிட்டால் அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. தள்ளி வைக்கலாம், மூடி வைக்கலாம், நாளைக்குப் பார்க்கலாம். நடந்ததை அந்தப் பிள்ளையால் தடுக்க முடியவில்லை, ஆனால் இந்தத் தாளில் எந்த நிறம் எங்கே போக வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிக்கிறாள். இது சிறிய விஷயமல்ல.

உடலிலும் மாற்றம் தெரிகிறது. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடங்கள் களிமண், வர்ணப் பேனை, ஒட்டுச் சித்திரம் என்று விரும்பியதைச் செய்யவிட்டு, முன்னும் பின்னும் அவர்களின் உமிழ்நீரைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 75 வீதமானோரில் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் ஹோர்மோன் குறைந்திருந்தது. முன்பு கலை பழகியவரா இல்லையா என்பது இதில் வித்தியாசம் ஏதும் ஏற்படுத்தவில்லை. 2016இல் வெளியான இந்த ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இருக்கவில்லை. எனவே இதை மட்டும் வைத்துப் பெரிய முடிவுகளுக்குப் போகக் கூடாது. என்றாலும் "எனக்கு வரைய வராது, டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

"உயிருள்ளவற்றை வரையக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்று சிலர் என்னிடம் வருவதுண்டு. மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலையல்ல, அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் இந்த வேலைக்கு உருவங்கள் கட்டாயமே இல்லை. நிறம் போதும், கோடு போதும். கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களைப் பாருங்கள், வட்டத்தையும் நட்சத்திரத்தையும் கொண்டே எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் செருப்புகளைவிட ஒரு மையித்து வீட்டைச் சரியாகக் காட்டிய சித்திரத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

இந்தக் கல்லூரிக்கு வந்த பின்னர், வியாழக்கிழமைகளில் புள்ளியில்லாத ஒரு பாடவேளையை நடத்தி வருகிறேன். இது சிகிச்சை அல்ல, அதற்கான பயிற்சி எனக்கில்லை. சிகிச்சையிலிருந்து இரவல் வாங்கிய ஒரு பழக்கம், அவ்வளவுதான். முதல் சில வாரங்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் தருவார்கள்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஒரு தென்னை. எங்கள் ஊரில் மலையே கிடையாது! திருத்த ஒருவரும் இல்லை என்று நம்பிக்கை வந்த பிறகுதான் வேறு ஏதாவது பிறக்கும். ஒருத்தி செங்கல் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தீட்டினாள். ஒருத்தி தறியில் மிஞ்சிய நூல்களை ஒட்டி மழை செய்தாள். கற்பனை வளம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பயம் விலகிய பின் மிஞ்சுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோழி ஒருத்தி தன் சித்திரத்தை உங்களிடம் காட்டினால், "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேளுங்கள். அவள் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று குறி சொல்லத் தொடங்காதீர்கள். பெட்டியில் கறுப்புப் பஸ்டல் மட்டும் மிஞ்சியிருந்ததாலும் இருக்கலாம். அவள் அனுமதியில்லாமல் யாருக்கும் காட்டாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் சித்திரத்தோடு நின்றுவிடக் கூடாது. உளவளத்துணை ஆசிரியையிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ அவளைக் கூட்டிப் போங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

செருப்புகளை வரைந்த பிள்ளையிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். புள்ளியை வெட்டித் தருகிறேன், கொப்பியைக் கொண்டு வா என்றேன். அவள் சிரித்தாள். அந்தப் பக்கத்தை முன்னரே கிழித்து, என் சிவப்பு மை இருந்த ஓரத்தை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறாளாம்.

வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் சித்திர அறை திறந்திருக்கும். கடதாசியும் களிமண்ணும் நான் தருவேன். சீருடைக்கு மேல் போட்டுக்கொள்ளப் பழைய உடுப்பொன்றைக் கொண்டு வாருங்கள். களிமண் கறை வெள்ளைத் துணியில் இலகுவில் போகாது, பிறகு உங்கள் உம்மாமாருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.