கூடலும் கலத்தலும்

இரண்டு பொருள்கள் ஒன்றாதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. கூடுதல், சேர்தல், இணைதல், பொருந்துதல், பிணைதல், ஒட்டுதல், கலத்தல், தொடுத்தல், கோத்தல் என அவை விரியும். அகராதியைப் புரட்டுவோர், இவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றே பொருளாக எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். அதுகொண்டு யாவும் ஒரு பொருளனவே என எண்ணிவிடலாகாது. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் ஒருமுறை சென்று வருவோமாயின், இச்சொற்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியிடம் பெற்று நிற்றலைக் கண்ணாரக் காணலாம்.

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு, செண்பகாதேவி அருவியாக வீழ்ந்து, பின் பேரருவியாய்ப் பாறைமீது இறங்கித் தரையை அடைகின்றது. தென்காசி வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்று, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியை எய்துகின்றது. கயத்தாறும் அங்கு வருதலால் அவ்விடத்திற்கு முக்கூடல் என்பது பெயர். முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியம் அவ்வூரைப் பற்றியதே. நம் முன்னோர் அவ்விடத்தைக் கூடல் என்றனரேயன்றிக் கலவை என்றாரல்லர். அஃது ஏன்? கூடும் இடத்தில் மூன்று ஆறுகளையும் இன்னும் எண்ணலாம்; இது சிற்றாறு, இது தாமிரபரணி என விரல் நீட்டிக் காட்டலாம். சிறிது தொலைவு கடந்தபின் அங்ஙனம் காட்ட இயலாது. அங்கே நீர் கலந்துவிட்டது. கூடியவை மீண்டும் பிரியும். கலந்தவை பிரிதல் அரிது. விழாவிற்கு வந்த ஒருவர் விழாவில் கலந்துகொண்டார் என்னும்போதும், அவர் ஒதுங்கி நில்லாது அதனோடு ஒன்றினார் என்பதே கருத்து.

இங்கு ஒன்று கூறுதல் வேண்டும். குற்றால மலைக்குத் திரிகூடம் என்றும் பெயருண்டு. மூன்று மலைகள் கூடிய இடம் ஆதலின் அப்பெயர் பெற்றது போலும் என நினைக்கத் தோன்றும். ஆனால் அதிலுள்ள கூடம், சிகரம் எனப் பொருள்படும் வடசொல். நம் கூடுதலோடு அதற்கு உறவில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசத் தொடங்கியதும் அருவிக்கரையில் மக்கள் கூடுகின்றனர். அவர்கள் சேர்கின்றனர் என்று சொல்வதில்லை. கூடுவோர் அனைவரும் ஒரு நிகர். முன்னவர் பின்னவர் என்னும் வேற்றுமை அங்கில்லை. சேர்தலிலோ ஒன்று முன்னரே நிலைபெற்றிருக்கும். மற்றொன்று வந்து அதனை அடையும். மாணவர்களாகிய நீங்கள் பள்ளியில் சேர்ந்தீர்கள். ஆண்டு விழாவில் கூடினீர்கள். இரண்டையும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்னும் பழமொழியும் இதற்குச் சான்று. அங்கே மணம் பூவினுடையது, பெறுவது நார்.

பூவைப் பற்றிப் பேசினோம். தென்காசியில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசிவிசுவநாதர் கோயிலுக்குச் செல்வோர், வழியில் பூ விற்பாரைச் சிறிது நேரம் நின்று காணலாம். நாரை விரலிடையே வளைத்து முடிச்சிட்டுக் காம்பை இறுக்குதல் கட்டுதல். தொடுத்தலும் கையால் அதே செயல்தான். எனினும் அச்சொல் முடிச்சை நினைவூட்டுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாய் நீளும் வரிசையையே நினைவூட்டும். தொடர், தொடர்ச்சி என்பன அதன் உறவுச் சொற்கள். கோத்தல் வேறு. அதற்கு ஊசி வேண்டும்; ஊசி பூவின் உடலை ஊடுருவ வேண்டும். முத்தும் மணியும் துளைபட்டே கோவையாகின்றன. (இதனைக் கோர்த்தல் என எழுதுவது பிழை.) செய்யுளைக் கட்டுதல் யாத்தல் எனப்படும், அதனால் யாப்பு வந்தது. தளையும் தொடையும் அதன் உறுப்புகள். கோவை ஒரு நூல்வகை. நம் இலக்கண ஆசிரியர்கள் பூக்கட்டும் கைகளை நன்கு கவனித்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

கொடிகள் பிணையும். பிணைந்த கொடிகளுள் ஒன்றை இழுத்தால் மற்றொன்றும் உடன் வரும். ஒருவன் பட்ட கடனுக்கு மற்றொருவன் பிணை நிற்றலும் அத்தகையதே.

இவ்வட்டாரத்து மாந்தோப்புகளில் ஒட்டு மரங்களைக் காணலாம். நெருக்கு ஒட்டு முறையில், தொட்டியில் வளர்த்த விதைக்கன்றைத் தாய்மரத்தின் கிளையருகே வைப்பர். இரண்டிலும் ஒருபுறம் பட்டையைச் சீவி, சீவிய முகங்கள் இடைவெளியின்றிப் படியுமாறு செய்வர், இது பொருத்துதல். விலகாவண்ணம் சுற்றிலும் இறுக்குவர், இது கட்டுதல். ஓரிரு திங்களில் இரு தண்டுகளும் ஒன்றோடொன்று வளர்ந்து பற்றிக்கொள்ளும், அதுவே ஒட்டுதல். அதன்பின் கட்டை அவிழ்த்தாலும் அவை பிரியா. ஆயினும் கலந்துவிட்டன என்றல் பொருந்தாது. வேர் விதைக்கன்றினுடையதாகவே இருக்கும்; கனி தாய்மரத்தின் சுவையையே கொண்டிருக்கும். ஒட்டும் முன் இரண்டையும் சீவ வேண்டியிருந்தது. ஒட்டியபின் கன்றின் தலையையும், கிளை தாய்மரத்தோடு கொண்டிருந்த தொடர்பையும் வெட்டவேண்டியிருக்கிறது.

இனி, ஊர்கள் ஒன்றாதலைக் காண்போம். தென்காசிக்கு மேற்கே உள்ள செங்கோட்டை, நெடுங்காலம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது, 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் வட்டங்களும், செங்கோட்டை வட்டத்தின் கிழக்குப் பகுதியும் சென்னை மாநிலத்திற்கு வந்தன. முன்னைய நான்கும் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது.

இந்நிகழ்ச்சியை எச்சொல்லால் குறிப்பது? சட்டத்தின் பார்வையில் அப்பகுதிகள் சேர்க்கப்பட்டன. செயப்பாட்டு வினை, படத்தில் ஒரு கோட்டை யாரோ மாற்றி வரைந்தது போன்றது. ஆனால் மக்களுக்கு அஃது அங்ஙனம் இருந்ததில்லை. தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு ஒன்றாதல் வேண்டும் எனப் பல்லாண்டு போராடினர். 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தோர் உளர். ஆதலின் அம்மக்கள், சேர்க்கப்பட்டோம் எனக் கூறாது, இணைந்தோம் என்கின்றனர். இணை என்பதற்கு ஒப்பு என்றும் பொருளுண்டு. இணையற்றவர் என்கிறோம் அன்றோ? இணைவோர் தம் விருப்பால், தம் நிலை குன்றாது வருவோர். ஒரு வினைச்சொல்லை மாற்றி எழுதினால், பாடுபட்டவரின் பெயர் வரலாற்றிலிருந்து மறைந்துவிடும்.

செங்கோட்டை வட்டம் முழுவதும் வரவில்லை. ஆரியங்காவும் அதனை அடுத்த மலைப்பகுதியும் கேரளத்தில் நின்றுவிட்டன. ஓர் இணைப்பு நிகழ்ந்த அதே நாளில் ஒரு வட்டம் இரண்டாயிற்று. எனினும் அவ்விரு பகுதிகளுக்கும் இடையே மலையைக் குடைந்து 1904-ஆம் ஆண்டில் இட்ட இருப்புப்பாதை, 2018-ஆம் ஆண்டில் அகலப்பாதையாகித் திறக்கப்பட்டு இன்றும் பயன்படுகின்றது. அப்பாதை அவ்வூர்களை இணைக்கின்றது என எழுதுவது வழக்கு. தொடுக்கின்றது என்பதே எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகின்றது. செங்கோட்டை செங்கோட்டையாகவும் ஆரியங்காவு ஆரியங்காவாகவும் தத்தம் மாநிலத்தில் நிற்க, வண்டி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்கின்றது.