தட்டைப் படத்துக்கு இன்னொரு கண்

அன்புள்ள தம்பிக்கு,

ஒற்றைப் புகைப்படத்தை ஸ்டீரியோ படமாக மாற்ற லைப்ரரி தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் போய் முட்டிக்கொள்வது ஓப்பன்சிவியின் ஸ்டீரியோபிஎம், ஸ்டீரியோஎஸ்ஜிபிஎம் ஆகிய இரண்டில்தான். பெயரில் ஸ்டீரியோ இருக்கிறதே தவிர, இவற்றின் வேலை நேர் எதிரானது. கையில் ஏற்கெனவே உள்ள இடது, வலது படங்களை ஒப்பிட்டு ஆழத்தைக் கணக்கிடுபவை இவை. ஒரே படம் வைத்திருப்பவருக்கு உதவாது. தேட வேண்டிய சொல் ஸ்டீரியோ அல்ல, 'மோனோகுலர் டெப்த் எஸ்டிமேஷன்'. ஒற்றைப் படத்திலிருந்தே ஆழத்தை ஊகிக்கும் கலை அது.

காரணம் கண்ணிலேயே இருக்கிறது. வளர்ந்தவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. அதனால் ஒரே பொருள் இரு கண்களிலும் சற்றே இடம் மாறி விழுகிறது. அருகில் இருந்தால் அதிகமாக, தொலைவில் இருந்தால் குறைவாக. இந்த இடமாற்றமே இடவிலகல். சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் கண்ணாடிகள் பொருத்திய ஸ்டீரியோஸ்கோப்பை விளக்கியபோது புகைப்படம் புழக்கத்துக்கே வரவில்லை. கோட்டுச் சித்திரங்களே அவருக்குப் போதுமாக இருந்தன. இடவிலகல் தொலைவைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மறு கண் காணும் படத்தைக் கட்டிவிடலாம்.

ஆகவே இது ஒரு லைப்ரரியின் வேலையல்ல. ஆழம் அறிவது, பிக்சலை நகர்த்துவது, நகர்ந்த இடத்தில் விழும் ஓட்டையை அடைப்பது என்று மூன்று வேலைகளின் கோவை. மூன்றையும் ஒரே வலையமைப்பில் முடிக்க முயன்றது 2016-இல் வந்த டீப்3டி. 3டி திரைப்படங்களைக் கொண்டே அதற்குப் பயிற்சி தரப்பட்டது. துணிச்சலான முயற்சிதான். ஆனால் பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்த, துண்டு துண்டாகச் செய்வதே வசதி.

ஆழத்துக்கு மிடாஸ் என்ற மாடல் நல்ல தொடக்கம். பைடார்ச் ஹப் வழியாகச் சில வரிகளில் ஓடும், உரிமமும் எம்ஐடி. 2024-இல் வந்த டெப்த் எனிதிங் வி2 நுண்ணிய விளிம்புகளை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. ஹக்கிங் ஃபேஸின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் லைப்ரரியிலேயே அதை அழைக்கலாம். அதன் சிறிய மாடலுக்கு அப்பாச்சி 2.0 உரிமம், பேஸ், லார்ஜ் மாடல்களை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. வேலை முடிந்தபின் உரிமத்தைப் படிப்பவர் முழுவதையும் மறுபடி செய்ய நேரும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓரிடம் உண்டு. மிடாஸ் தருவது தொலைவு அல்ல, தொலைவின் தலைகீழ். எண் பெரிதானால் பொருள் அருகில் இருக்கிறது என்று அர்த்தம். இது தொல்லையல்ல, வசதி. இடவிலகலும் தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில்தான் மாறுகிறது என்பதால், அந்த எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கினாலே நகர்த்த வேண்டிய பிக்சல் அளவு கிடைத்துவிடும். மீட்டரில் விடை தரும் ஸோடெப்த், டெப்த் ப்ரோ போன்றவற்றில்தான் முதலில் தலைகீழாக்க வேண்டும். 1920 பிக்சல் அகலப் படத்துக்கு 40 பிக்சல் விலகலில் தொடங்கலாம். ஆசைப்பட்டு ஏற்றினால் பார்ப்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

நகர்த்துவதற்கு ஓப்பன்சிவியின் ரீமேப் எளிது; ஆனால் விளிம்புகள் ரப்பர் போல இழுபடும். நம்பை கொண்டு, தொலைவிலுள்ள பிக்சலிலிருந்து அருகிலுள்ளது வரை வரிசையாக எடுத்து வைப்பது மேல். அருகில் உள்ளது தானாகவே மேலே அமரும். மூலப் படத்தை இடக்கண்ணுக்கு அப்படியே விட்டு, வலக்கண் படத்தை மட்டும் கட்டினால் பாதி வேலை மிச்சம். அந்தப் படத்தில் அருகிலுள்ள ஆள் இடப்பக்கம் நகர, அவருக்கு வலப்புறம் ஓட்டை விழும். அங்கே இருந்த சுவரை மூலப் படம் பார்த்ததே இல்லை. சில பிக்சல் அகலம் என்றால் ஓப்பன்சிவியின் இன்பெயின்ட் போதும். அகலமானால் லாமா போன்ற மாடல் வேண்டும்.

முடி நுனி, கண்ணாடி, நீரில் தெரியும் பிம்பம் ஆகியவற்றில் எந்த மாடலும் சறுக்கும். திரைத்துறையில் இதைக் கைவேலையால் சரிசெய்கிறார்கள். 1997-இல் வந்த டைட்டானிக்கை 2012-இல் 3டியாக்க 60 வாரம் பிடித்தது. 'சிவாஜி' படமும் அதே ஆண்டு டிசம்பரில் அப்படி மாறித் திரைக்கு வந்தது.

சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சிவப்பு–நீலப்பச்சை அட்டைக் கண்ணாடி போதும். இடப் படத்தின் சிவப்பையும், வலப் படத்தின் பச்சை, நீலத்தையும் பில்லோ லைப்ரரியில் ஒன்றுசேர்த்தால் அனாகிளிஃப் தயார். ஓப்பன்சிவியில் திறந்த படத்தில் நிற வரிசை நீலம், பச்சை, சிவப்பு என்றிருக்கும்; அதைத் திருப்பாமல் விட்டால் நிறங்கள் இடம் மாறிவிடும். மலை முன்னே வந்து, முன்னே நிற்கும் ஆள் பின்னே போய்விட்டால், குற்றம் பெரும்பாலும் ஆழ மாடலில் அல்ல, இடம் மாறிய இட, வலப் படங்களிலோ தலைகீழாக்க மறந்த ஆழ எண்ணிலோ இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்